மூன்று கருப்பு வளையங்கள்

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி, மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்முக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு. திரையில் ஒன்பது பிள்ளைகள். வணக்கம் சொல்லிப் பாடத்தைத் தொடங்கி, ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு "புரியுதா?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. வழக்கம்தானே என்று அடுத்த பத்திக்குப் போனேன். அதற்குப் பிறகுதான் அரட்டைப் பெட்டியில் வரிசையாக வந்து விழுந்திருந்ததைக் கவனித்தேன். "டீச்சர் மைக்." "டீச்சர் சத்தம் வரல." "டீச்சர் ஊமைப்படம் ஓடுது."

அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசுவது மட்டும் யாருக்கும் போகவில்லை. வேறு வழியில்லாமல் கைத்தொலைபேசியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து அன்றைய வகுப்பை முடித்தேன்.

அந்த ஹெட்செட் புதியதல்ல. 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய வாரத்தில், பள்ளி மூடிவிட்டார்கள், டியூஷன் எல்லாம் இனி இணையத்தில்தான் என்ற பதற்றத்தில் வாங்கியது. ஒயரின் நுனியில் செருகுவதற்கு ஒற்றைப் பின். மடிக்கணினியின் பக்கவாட்டில் இருந்த ஒற்றைத் துளையில் செருகினால் கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். வருடக்கணக்கில் ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. பிறகு மடிக்கணினி ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டது. தம்பி தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்றைச் கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தான். "அக்கா, இது யானை மாதிரி. சாகவே சாகாது" என்றான். யானைக்குக் காது பெரிதுதான். ஆனால் அதன் பின்புறத்தில் ஒரு துளைக்குப் பதிலாக மூன்று துளைகள் இருந்தன: இளஞ்சிவப்பு, பச்சை, நீலம்.

நான் பச்சையில் செருகினேன். கேட்டது. கேட்கிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

வகுப்பு முடிந்த பிறகு நள்ளிரவுவரை அமைப்புகளுக்குள் மூழ்கிக் கிடந்தேன். விண்டோஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மைக்ரோஃபோன் அனுமதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒலி அமைப்பில் பதிவுக் கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். மைக்கின் படத்தின் மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி, பக்கத்தில் 'செருகப்படவில்லை' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. கணினி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான், 'செருகித்தானே இருக்கிறது, பொய் சொல்லுது பார்' என்று அதனோடு சண்டை போட்டேன். ஒலிக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். கணினியை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். ஹெட்செட்டைப் பிடுங்கி இளஞ்சிவப்பில் செருகினால், இப்போது மைக்கும் இல்லை, கேட்பதும் இல்லை. மைக் செத்துவிட்டது என்ற முடிவோடு படுக்கப் போனேன். காலையில் அதே ஹெட்செட்டைத் தொலைபேசியில் செருகி என் குரலைப் பதிவுசெய்தேன். மணிமணியாகக் கேட்டது.

ஆக, பழுது ஹெட்செட்டில் இல்லை, கணினியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ வேண்டும். அது என்ன என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு தண்டச் செலவும் பத்து நாளும் ஆயின.

முதல் தண்டம் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில். "ஹெட்செட்டுக்கு ஒய் கேபிள் வேண்டும்" என்று கேட்டேன், ஆங்கில Y எழுத்துபோல் ஒன்று இரண்டாகக் கிளைக்கும் கேபிள். பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொக்கியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். ஒரு பின், இரண்டு துளை. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு ஹெட்போனில் கேட்பதற்கான கேபிள் அது. காதலர்களுக்குப் பயன்படும், தமிழ் டீச்சருக்குப் பயன்படாது. பையனைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்டது ஒய், அவன் கொடுத்ததும் ஒய்.

இரண்டாவது, இணையத்தில் வாங்கியது. படத்தில் ஒரு கிளையில் மைக் சின்னம், இன்னொன்றில் ஹெட்போன் சின்னம். இதேதான் என்று குதித்து வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தபோது கையில் இருந்தது நேர் எதிரானது. இரண்டு பின் உள்ள ஹெட்செட்டை ஒற்றைத் துளை மடிக்கணினியில் பொருத்துவதற்கான கேபிள். என் பின்னைச் செருக அதில் துளை இருந்தது, ஆனால் மறுமுனை ஒற்றைப் பின், என் கணினியிலோ மைக்குக்கும் காதுக்கும் தனித்தனித் துளை. சின்னங்களைப் பார்த்தேனே தவிர எது துளை, எது பின் என்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை எல்ஆர்டி ரயில் பிடித்து பூடுவில் இறங்கினேன். அங்கிருந்து ஜாலான் பாசார் நடக்கிற தூரம்தான். கோலாலம்பூரில் எலெக்ட்ரானிக் உதிரிப் பாகம் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் தெரு அது. மின்தடை, கொண்மி, பற்றாசு, ஒயர் சுருள் என்று பெட்டி பெட்டியாக அடுக்கிய கடைகள். ஒன்றில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய வயதான தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹெட்செட்டையும் இரண்டு தண்டங்களையும் மேசைமேல் வைத்து, அரைகுறை மலாயில் கதையைச் சொன்னேன்.

அவர் கதையைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் ஹெட்செட்டின் பின்னை மட்டும் எடுத்து, விளக்குக்கு அடியில் பிடித்து, நகத்தால் மெல்ல வருடினார். நகம் ஒரு கருப்பு வளையத்தில் தட்டியது. இன்னொன்றில் தட்டியது. மூன்றாவதிலும் தட்டியது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு சாதாரண ஹெட்போனை எடுத்து அதன் பின்னையும் அப்படியே வருடிக் காட்டினார். அதில் இரண்டே வளையம். "இனி தீகா, இத்து அம்பாட்" என்றார், ஹெட்போனையும் என் ஹெட்செட்டையும் மாறிமாறிக் காட்டி. இது மூன்று பட்டை, அது நான்கு.

இத்தனை வருடம் என் கையில் இருந்த பின்னை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கருப்பு வளையங்கள் மின்சாரத்தைக் கடத்தாத தடுப்புகள். அவற்றுக்கு இடையில் மின்னும் உலோகப் பட்டை ஒவ்வொன்றும் தனித்தனி ஒயர். இரண்டு வளையம் இருந்தால் மூன்று பட்டை: இடது காது, வலது காது, இரண்டுக்கும் பொதுவான தரை ஒயர். மூன்று வளையம் இருந்தால் நான்காவதாக மைக்குக்கு ஒன்று. என் ஹெட்செட்டில் நுனியிலிருந்து இடது, வலது, தரை, கடைசியில் கைப்பிடியை ஒட்டி மைக். பின்னின் பருமன் எல்லாவற்றிலும் ஒன்றுதான், 3.5 மில்லிமீட்டர். அதனால்தான் எதை எதில் செருகினாலும் 'டக்' என்று உட்கார்ந்துவிடுகிறது. அந்த 'டக்'கை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

மேசைக் கணினியின் துளைகள் மூன்று பட்டைக்கு மட்டுமே ஆனவை. பச்சை வெளியே போகும் ஒலிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வேறு கருவியிலிருந்து வரும் ஒலிக்கு. இந்த நிறங்களைப் பரவலாக்கியது இண்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த 'பிசி 99' என்ற வழிகாட்டி. பச்சைத் துளைக்கு மைக் பட்டையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. இளஞ்சிவப்புத் துளை தன் நுனியில் மைக்கின் குரலை எதிர்பார்க்கும், ஆனால் என் பின்னின் நுனியில் இருப்பதோ இடது காது. பேருந்து சரிதான், நான்தான் ஒவ்வொரு தடவையும் தவறான நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தவுக்கே ஒரு டப்பாவைத் துழாவிக் குட்டையான கேபிள் ஒன்றை எடுத்தார். "சத்து பெத்தினா, டுவா ஜந்தான்." ஒரு பெண், இரண்டு ஆண். மலாயில் துளைக்கும் பின்னுக்கும் அதுதான் பெயர் என்று தெரிந்திருந்தும், அந்த வயதானவர் வாயிலிருந்து கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறக்காத சூத்திரமாகிவிட்டது. ஹெட்செட்டின் நான்கு பட்டைப் பின்னை வாங்கிக்கொள்ளும் ஒரு துளை. மறுபக்கம் இரண்டு பின், ஒன்று பச்சைக்கு, ஒன்று இளஞ்சிவப்புக்கு. நான் முதலில் வாங்கியதில் ஆண் ஒன்று, பெண் இரண்டு. அடுத்ததிலும் ஆண் ஒன்று, பெண் இரண்டு, பட்டை மட்டும் நான்கு.

கொடுப்பதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பற்றவைக்காத வெறும் நான்கு பட்டைப் பின் ஒன்றைக் கேபிளின் துளையில் செருகினார். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்தார். ஒரு முள்ளை அந்தப் பின்னின் கடைசிப் பட்டைக்கு ஒயர் பற்றவைக்கும் தகட்டில் வைத்து, மற்ற முள்ளைக் கேபிளின் இளஞ்சிவப்புப் பின் நுனியில் தொட்டார். 'பீப்'. பச்சைப் பின் நுனியில் தொட்டார். மௌனம். முதல் பட்டைக்கு மாற்றினார், இப்போது பச்சையில் 'பீப்', இளஞ்சிவப்பில் மௌனம். அரை நிமிட வேலை. விலை எட்டு வெள்ளி (ரிங்கிட்). மல்டிமீட்டர் வீட்டில் இருப்பவர்கள் இதை நாமே செய்துவிடலாம், கடையை நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்டேன். கோயில் மைக்கை ஒரு தடவை என் மைத்துனர் அடாப்டர் போட்டுக் கணினியில் செருகிப் பார்த்தார், எறும்பு பேசுவதுபோல் கேட்டது, அது ஏன்? ஹெட்செட்டில் இருப்பது எலெக்ட்ரெட் வகை மைக். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய வகை. பயறு அளவுதான் இருக்கும், உள்ளே ஒரு சின்னப் பெருக்கியும் உண்டு. அதற்கு ஓரிரண்டு வோல்ட் மின்சாரம் வேண்டும், அதை இளஞ்சிவப்புத் துளையே கொடுத்துவிடுகிறது. கோயிலில் கையில் பிடித்துப் பேசும் பெரிய மைக் பெரும்பாலும் காந்தமும் சுருளும் கொண்டது. அதற்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் அது தரும் ஒலி மிக மெல்லியது. மேடைக் கருவியில் தனிப் பெருக்கி இருக்கிறது, கணினியில் அந்த அளவுக்கு இல்லை. அடாப்டர் போட்டால் துளையில் உட்காரும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து செருகினேன். பதிவுப் பட்டியலில் சிவப்பு அம்புக்குறி போய்ப் பச்சைக் குறி வந்தது. நான் பேசப் பேசப் பக்கத்திலிருந்த அளவுக்கோடுகள் துள்ளின. அந்த நேரத்துச் சந்தோஷத்தைச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். குனிந்து குனிந்து பின்னால் செருகுவது சிரமம் என்று முன்பக்கத் துளைகளுக்கு மாற்றினேன். ஒன்றுமே வரவில்லை. தம்பியை அழைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தான். முன்பக்கத் துளையிலிருந்து வரும் ஒயர் தாய்ப்பலகையில் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கணினி வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முன்பக்கத் துளை வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம். அவன் செருகிவிட்டான், மைக் வேலை செய்தது, கூடவே 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரமும் வந்தது. முன்பக்க ஒயர் பெட்டிக்குள் விசிறி, மின்வழங்கி எல்லாவற்றையும் தாண்டி வருவதால் அங்குள்ள மின் இரைச்சலை வாரிக்கொள்கிறது. பின்பக்கம் செருகினால் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மைக்கின் ஒலியைக் கூட்டும் 'பூஸ்ட்' என்ற அமைப்பு என் கணினியில் 30 டெசிபலில் இருந்தது. அதை 10-க்கு இறக்கி, மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் தாடைப் பக்கம் இரண்டு விரல் தள்ளி வைத்தேன். சுமாரானது.

முழுத் தீர்வு லோ யாட் பிளாசா என்ற கணினிக் கடைத்தொகுதியில் கிடைத்தது. கட்டைவிரல் அளவு யுஎஸ்பி ஒலி அட்டை. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் துளை. ஒலியைக் கையாளும் வேலை கணினிப் பெட்டிக்கு வெளியே நடப்பதால் ரீங்காரம் போயே போய்விட்டது. இதையே முதலில் வாங்கியிருந்தால் ஒய் கேபிளே தேவைப்பட்டிருக்காது என்று தம்பி சொல்லிக்காட்டினான். உண்மைதான், ஆனால் அதிலும் இரண்டு வகை இருக்கிறது. சிலவற்றில் நான்கு பட்டைக்கான ஒற்றைத் துளை, சிலவற்றில் மைக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரண்டு துளை. இரண்டு துளை வகையை வாங்கினால் ஒற்றைப் பின் ஹெட்செட்டுக்கு மறுபடி அந்த 'ஒரு பெண், இரண்டு ஆண்' வேண்டும். என் பிள்ளைகள் யாராவது கேட்டால் ஒற்றைத் துளை வகையைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

இதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் பின்னைப் பார்க்கிறவளாகிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனின் விளையாட்டு ஹெட்செட்டில் கேபிளைத் தனியாகக் கழற்றலாம். பூனை கடித்துவிட்டது என்று அவன் வேறு கேபிள் போட்டிருந்தான், மைக் வேலை செய்யவில்லை. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முனையிலும் இரண்டே வளையம். மூன்று வளையம் உள்ளதை வாங்கியதும் சரியாகிவிட்டது. நீளம் போதவில்லை என்று போடும் நீட்டிப்புக் கேபிளிலும் இதே கதைதான். ஹெட்செட் நான்கு பட்டையாக இருந்து நீட்டிப்பு மூன்று பட்டையாக இருந்தால் மைக் வழியிலேயே நின்றுவிடும்.

அப்பாவின் பழைய இயர்ஃபோன் இன்னும் வேடிக்கை. எந்தக் காலத்துத் தொலைபேசியோடு வந்ததோ, அதிலும் மூன்று வளையம்தான். என் தொலைபேசியில் செருகிப் பழைய பாட்டுக் கேட்டால் வயலின் கேட்கும், தபேலா எங்கோ தூரத்தில் கேட்கும், பாடுகிறவரை மட்டும் காணோம். "பாட்டுக்காரர் தண்ணி குடிக்கப் போயிட்டார்" என்பார் அப்பா. நான்கு பட்டையிலும் இரண்டு மரபு உண்டு. இப்போது பரவலாக இருக்கும் சிடிஐஏ முறையில் மூன்றாவது பட்டை தரை, நான்காவது மைக். பழைய ஓஎம்டிபி முறையில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். மாற்றிச் செருகும்போது காதுகளுக்கான தரை ஒயர் மைக் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாகிறது. அப்போது இரண்டு காதிலும் ஒரே அளவில் வரும் ஒலி ஒன்றையொன்று அடித்துவிடும். பாடகரின் குரலை நடுவில்தானே வைத்துப் பதிவு செய்வார்கள், அதனால் குரல்தான் முதலில் காணாமல் போகும். ஒயரில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாடகர் திரும்பி வந்துவிடுவார், ஏனென்றால் அந்தப் பொத்தான் மைக்கையும் தரையையும் ஒன்றாக இணைக்கிறது. அழுத்தினால் குரல் வருகிறது என்றால் நோய் இதுதான். இரண்டு பட்டைகளையும் இடம் மாற்றித்தரும் சின்ன மாற்றி கிடைக்கிறது. அப்பாவுக்கு நான் புது இயர்ஃபோனே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

"ப்ளூடூத் வாங்கிட்டா இந்தத் தலைவலியே இல்லையே டீச்சர்" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்த பத்து நாள் கூத்தில் அவளிடமே ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். பாட்டுக் கேட்க அருமை. ஆனால் மைக்கைத் திறந்ததும் கணினி அதைத் தொலைபேசி முறைக்கு மாற்றிவிடுகிறது. கேட்கும் ஒலியும் சுருங்குகிறது, போகும் ஒலியும் சுருங்குகிறது. கணக்கு டீச்சருக்கு அது போதும். எனக்கு ளகரமும் ழகரமும் பிள்ளைகள் காதில் தனித்தனியாக விழ வேண்டும். ஒயரே தேவலை.

தொலைபேசிகளில் இந்தத் துளையே மறைந்து வருகிறது, ஐஃபோனில் 2016-இலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் டைப்-சி மாற்றி ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. அதைக் கணினியில் போட்டுச் சமாளிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உள்ளே சில்லு உள்ள மாற்றி கணினியிலும் பேசும். சில்லு இல்லாத வெறும் ஒயர் வகை, அதற்கென்றே அமைந்த சில தொலைபேசிகளில் மட்டும்தான் பேசும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அட்டையில் 'டிஏசி' (அந்தச் சில்லைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இப்போதெல்லாம் வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்பே உட்கார்ந்து ஒரு வரியைப் பதிவுசெய்து, திரும்பப் போட்டுக் கேட்கிறேன். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுக்கி விழுந்தான்." வேகமாகச் சொன்னாலும் கிழவன் முழுசாக விழுந்தால் மைக் சரி. அளவுக்கோடு துள்ளுவதை மட்டும் நம்புவதில்லை, ரீங்காரத்துக்கும் அது துள்ளும்.

போன வாரம் அந்த 'ஊமைப்படம்' பையனின் முறை. வாசிக்கச் சொன்னேன், வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அண்ணனின் மேசைக் கணினியில் வந்திருக்கிறானாம், அரட்டையில் எழுதினான். பின்னைக் கழற்றிக் கேமராவுக்குக் காட்டு என்றேன். மங்கலாக ஏதோ தெரிந்தது.

"எத்தனை கருப்பு வளையம்டா?"

குனிந்து பார்த்தான். மூன்று விரலைக் காட்டினான்.

"பின்னால் எத்தனை ஓட்டை?"

நாற்காலியிலிருந்து எழுந்து மேசைக்கு அடியில் போய்விட்டான். மற்ற எட்டுப் பேரும் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.